காவற்காடும் காடுறை மாந்தரும்

நானிலம் வகுத்த நம் முன்னோர், அவ்வந் நிலத்துக்குரிய மரம், விலங்கு, தெய்வம் என்பவற்றோடு மக்களையும் அவர்தம் உணவையும் தொழிலையும் கருப்பொருளாக ஒருங்கே எண்ணினர். நிலத்தினின்று அதன் மக்களைப் பிரித்துக் காண்டல் அவர்க்கு இயலாததாயிற்று. இவ்வுண்மையை மனத்திற் கொண்டு, நம் நாட்டில் எழுந்த வழக்கொன்றை ஈண்டு ஆராய்வாம்.

மாதுறு ஓயாவைச் சூழ்ந்த பெருங்காடு வேடர்களின் வாழ்விடம். அவர் தம்மை 'வன்னியல எத்தோ' என்பர். வனத்தில் வாழ்வோர் என்பது அதன் பொருள். வேட்டையாடலும் தேனெடுத்தலும் கிழங்ககழ்தலும் சேனைப் பயிர்ச்செய்கையும் அவர்தம் தொழில்கள். 1977ஆம் ஆண்டின் பின் விரைவுபடுத்தப்பட்ட மகாவலித் திட்டத்தினால் அக்காட்டின் பரந்த பகுதிகள் நீர்த்தேக்கங்களாகவும் குடியேற்ற வயல்களாகவும் மாறின. எஞ்சியதில் ஏறக்குறைய 588 சதுர கிலோமீற்றர் 1983 நவம்பரில் தேசிய பூங்காவாகப் பிரகடனஞ் செய்யப்பட்டது. அதனுள் வேட்டையும் சேனையும் சட்டத்துக்கு மாறாயின. தேனெடுக்கப் புகுவதும் தடையாயிற்று. வேடர் குடும்பங்கள் பல ஹெனானிகல முதலிய குடியேற்றங்களுக்குப் பெயர்ந்தன. முதுதலைவர் திசாஹாமியோ தம்பானையை விட்டகல மறுத்தார். 1996இல் அவர் மைந்தர் வன்னியலெத்தோ ஜெனீவா சென்று, ஐக்கிய நாடுகள் சபையின் பழங்குடிகள் பற்றிய செயற்குழுவின் முன் தம் மக்களின் குறையை எடுத்துரைத்தார்.

இவ்வழக்கில் இரு பக்கத்தும் நியாயமுண்டு. காடு அழியின் நீர்த்தேக்கத்துக்கு நீர் வருதல் குன்றும்; மண் அரித்து அதனைத் தூர்க்கும்; இடமிழந்த யானை வயலிற் புகும். துப்பாக்கியும் இறைச்சி வாணிகமும் புகுந்த காட்டில் விலங்கு நிலையாது. ஆதலின் காவல் வேண்டுவதே.

ஆயினும் ஒன்று சிந்தித்தற்குரியது. காட்டைப் பெரிதும் அழித்தவை அணையும் குடியேற்றமும்; அவற்றின் பயனை நுகர்ந்தோர் பிறர். எஞ்சிய காட்டைக் காக்குஞ் சுமையோ, அதனிடத்து மிகக் குறைவாகப் பெற்று வாழ்ந்தவர் தலையில் ஏற்றப்பட்டது. வயல் கொடுத்தோமே என்பார் உளர். வயல் பசியை நீக்கலாம். தேன் எங்கே, நீர்ச்சுனை எங்கே, எம்மூதாதையர் எங்கே உறைகின்றனர் என்று தந்தை மகனுக்குக் காட்டும் கல்வியை வயல் தராது. அக்கல்வியோடு அவர் மொழியும் தேய்கின்றது.

பழங்குடிகளை அவர்தம் உடன்பாடின்றி நிலத்தினின்றும் பெயர்த்தலாகாது என 2007ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் பிரகடனம் கூறுகின்றது. வாணிக வேட்டையைத் தடுத்து, தேனுக்கும் கிழங்குக்கும் மூலிகைக்கும் எல்லை வகுத்து உரிமை நல்கி, காட்டையறிந்த அவரையே காவலராகவும் அமைத்தல் காட்டுக்கும் நன்று, அவர்க்கும் நன்று என்பது எமது துணிபு.

மாணவர்காள்! வேட்டுவர் குலத்து வளர்ந்த வள்ளியம்மையைக் கதிர்காமத்தில் வணங்குகின்றோம். அக்குலத்தின் வாழ்வுரிமையை மறந்து செய்யும் வணக்கம் நிறைவுடையதாகுமோ? எண்ணிப் பார்ப்பீராக.