வயிற்றுக் கோளாறும் ஆபத்தின் அறிகுறிகளும்

சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவின் தேக்கா சந்தை முதலாகப் பல இடங்களிலும் நம்மவர் விரும்பி உண்ணும் பண்டம் இந்திய ரோஜாக். 2009ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், அதே நகரின் கேலாங் சிராய் தற்காலிகச் சந்தையில் விற்கப்பட்ட ரோஜாக்கை உண்டோருள் 154 பேர் நோயுற்றனர். 48 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். இரு பெண்கள் உயிர் நீத்தனர். பச்சைக் கடலுணவில் காணப்படும் விப்ரியோ என்னும் ஒருவகைக் கிருமியே இதற்குக் காரணமென ஆய்வில் தெரியவந்தது.

நோயுற்றோருள் பெரும்பாலோர் குணமடைந்தனர் என்பது உண்மையே. ஆயினும், சாதாரண வயிற்றுப்போக்கு எது, உயிருக்கு ஊறு விளைவிப்பது எது என்று பிரித்தறிய வேண்டியதன் அவசியத்தை இந்நிகழ்ச்சி உணர்த்துகின்றது.

சாதாரண வயிற்றுப்போக்கு இரண்டொரு நாளில் தானே தணியும். அதுவரை உடல் இழக்கும் நீரையும் உப்பையும் ஈடுசெய்தல் வேண்டும். கொதித்தாறிய ஒரு லிட்டர் நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் தலைதட்டி அளந்து கலந்து, சிறிது சிறிதாக அருந்துக. குழந்தைக்குத் தாய்ப்பாலை நிறுத்தலாகாது.

பின்வரும் அறிகுறிகளுள் ஒன்று தோன்றினும் உடனே மருத்துவரை நாடுக:

1. மலத்தில் இரத்தம் காணுதல், அல்லது மலம் தார்போல் கறுத்திருத்தல். இது குடலினுள் இரத்தம் கசிவதைக் குறிக்கக்கூடும். இரும்புச் சத்து மாத்திரையாலும் மலம் கறுக்கும். அதனை உண்போர் மருத்துவரிடம் கூறுக.

2. அருந்திய நீரும் தங்காது வாந்தியாதல். நாவறட்சி, கண் குழிதல், தலைச்சுற்றல், எட்டு மணி நேரமாகச் சிறுநீர் பிரியாமை.

3. தொப்புளருகே தொடங்கி வலப்புற அடிவயிற்றுக்கு நகரும் வலி. இது குடல்வால் அழற்சியாக இருக்கலாம். இந்நிலையில் வயிற்றைப் பிடித்துவிடுதலும், விளக்கெண்ணெய் முதலிய பேதி மருந்து கொடுத்தலும் குடல்வால் வெடிக்க ஏதுவாகலாம்.

4. கடுங்காய்ச்சல், கண் மஞ்சளாதல், பெரியவர்க்கு இரண்டு நாளும், சிறுவர்க்கு ஒரு நாளும் கடந்த பின்னும் நில்லாத போக்கு. கைக்குழந்தை, கர்ப்பிணி, முதியோர் ஆகியோர் விஷயத்தில் காத்திருத்தலே கூடாது.

5. மேல்வயிற்றில் எரிச்சலோ அழுத்தமோ தோன்றி, வியர்வையும் மூச்சுத் திணறலும் உடன் வருதல். இதனை வாயுத் தொல்லையென எண்ணி ஓமநீர் அருந்திக் காத்திருப்போர் உளர். இது மாரடைப்பாகவும் இருக்கலாம்.

காரணமின்றி உடல் மெலிதல், உணவு விழுங்கத் தடை, மலங்கழிக்கும் வழக்கம் பல வாரங்களாக மாறியிருத்தல் ஆகியன வலியின்றி வரினும் பரிசோதனை செய்துகொள்க. புற்றுநோயாயின் தொடக்கத்திலேயே கண்டறிதல் நலம்.

"இன்று பெரட்டுக்குப் போகாவிடில் சம்பளம் போய்விடுமே" என்று வலியை அடக்கிக்கொண்டு பால் மரம் வெட்டச் செல்வோர் நம்மிடையே பலர். ஒருநாட் கூலியைப் பின்னர் ஈட்டிக்கொள்ளலாம். இழந்த உயிரை ஈட்ட இயலாது. ஆகவே, தோட்ட மருந்தகத்திற்கோ அரசாங்க மருத்துவமனைக்கோ காலந்தாழ்த்தாது செல்வீர்களாக.