மறைந்த தலைவரை மதிப்பது எவ்வாறு?



வீட்டில் ஒருவர் மறைந்தால் அவ்வீட்டார் அழுவர். ஆயிரமாயிரம் வீட்டார் ஒருவருக்காக அழுவது அரிது. 1979ஆம் ஆண்டு மே 18ஆம் நாள் துன் வீ.தி. சம்பந்தன் அவர்கள் மறைந்தபோது, அத்தகைய துயரமே தோட்டப்புறங்களைச் சூழ்ந்தது.

அவர்தம் நினைவு நாளில் நம் பள்ளியில் படத்திற்கு மாலை சூட்டுவோம், மௌனம் காப்போம், வகுப்புக்குத் திரும்புவோம். ஒருமுறை ஒரு மாணவி, "ஐயா, இவர் நமக்கு என்ன செய்தார்?" என்று வினவினாள். அவ்வினா நம்மைச் சுட்டது. மாலை சூட்டக் கற்பித்த நாம், காரணத்தைக் கற்பிக்கத் தவறிவிட்டோம். அக்குறையைப் போக்கவே இக்கட்டுரை.

துன் சம்பந்தன் 1919ஆம் ஆண்டு பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட்டில் பிறந்தார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பயின்றார். 1955 முதல் 1973 வரை மலேசிய இந்தியர் காங்கிரஸின் தலைவராக விளங்கினார். துங்கு அப்துல் ரஹ்மான் அவர்களின் அமைச்சரவையில் தொழிலாளர், சுகாதாரம், பொதுப்பணி முதலிய துறைகளை ஏற்று நடத்தினார். சுங்கை சிப்புட்டில் மகாத்மா காந்தி கலாசாலை உருவாக அரும்பாடுபட்டார்.

நாடு விடுதலை பெற்ற காலத்தில் வெள்ளைக்கார முதலாளிகள் பலர் தோட்டங்களை விற்றனர். வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாகப் பிரித்து விற்றனர். இதுவே தோட்டத் துண்டாடல் எனப்பட்டது. பால்மரம் கைமாறியபோது தொழிலாளிக்கு வேலை போயிற்று. வேலையோடு லயத்து வீடும் போயிற்று. பிள்ளையின் பள்ளிப்படிப்பும் தடைப்பட்டது.

துன் அவர்கள் இதனைக் கண்டு கண்ணீர் சிந்தியதோடு நிற்கவில்லை. 1960ஆம் ஆண்டு தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். ஒரு பங்கின் விலை நூறு வெள்ளி. அன்றைய கூலியில் அது பெருந்தொகை. ஆகவே பத்துப் பத்து வெள்ளியாகக் கட்ட வழி செய்யப்பட்டது. தோட்டந்தோட்டமாகச் சென்று தொழிலாளரிடம் பேசினார். நம்பிக்கை பிறந்தது, பங்குப் பணம் சேர்ந்தது. மறு ஆண்டே கெடா மாநிலத்தின் புக்கிட் சீடிம் தோட்டம் சங்கத்தின் உடைமையாயிற்று. மரம் சீவிய கைகளே மரத்திற்கு உரிமை பெற்றன.

எனவே, அப்பத்து வெள்ளியை நாம் மறத்தலாகாது. வயிற்றைக் கட்டி அதனைச் சேமித்தவர்கள் நம் பாட்டன் பாட்டிமாரே. தலைவர் வழிகாட்டினார், அவர்கள் நடந்தனர். தலைவரைப் போற்றும்போது அவர்களையும் போற்றுதல் முறையாகும்.

இன்று தலைநகரில் அவர் பெயரால் சாலை உண்டு, கட்டடமும் உண்டு. அவை நன்றியின் அடையாளங்கள். ஆயினும், கூடிச் சேமிக்கும் பழக்கம் நம்மிடம் இல்லையெனில், பெயர்ப்பலகை மட்டுமே எஞ்சும். வறுமையைக் காட்டிப் பிள்ளையின் படிப்பை நிறுத்தும் வீட்டில், தலைவரின் படம் மாட்டியிருந்தும் பயனில்லை.

மாணவர்களே! இன்று மாலை வீட்டுப் பெரியோரிடம், "நம் குடும்பத்தில் சங்கப் பங்கு வாங்கியவர் யார்? அப்பணத்தை எவ்வாறு சேர்த்தார்?" என்று கேளுங்கள். கேட்டதை ஒரு பக்கம் எழுதி வாருங்கள். பெற்றோர்களே! நினைவிருப்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். அடுத்த நினைவு நாளில் மாலை சூட்டியபின், அப்பக்கங்களைப் பிள்ளைகளே சபையில் வாசிக்கட்டும். அதுவே நாம் அவருக்குச் செலுத்தும் மெய்யான அஞ்சலியாகும்.