பழஞ்சுவரிற் பலகணி நிலை பெயர்த்தல்

கட்டக் கற்றோர் பலர். பழுதின்றிப் பிரிக்கக் கற்றோர் சிலரே. சேர்வராயன் மலையில் ஏற்காட்டையும், அருவியாற் பெயர்பெற்ற கிளியூரையும் கண்டோர், அப்பக்கத்துப் பழைய வீடுகளின் கற்சுவர்களையும் மரப் பலகணிகளையும் கண்டிருப்பர். சேலம் கலெக்டராயிருந்த காக்பர்ன் என்பார் 1820-களில் இம்மலையிற் காப்பிப் பயிரைப் புகுத்திய பின்னர், தோட்ட வீடுகள் பல எழுந்தன. மழையும் மூடுபனியும் மிக்க இவ்விடத்தில் கல்லுக்கு முன்னே மரம் உளுத்துப்போதல் இயல்பு. ஆதலின் சுவர் நிற்க நிலையை மட்டும் மாற்றவேண்டிய அவசியம் நேர்கின்றது. அதனைச் செய்யும் முறையை ஈண்டு ஆராய்வோம்.

முதலாவது, நிலை சுவரை எவ்வாறு பற்றி நிற்கின்றதென அறிதல் வேண்டும். பழைய நிலைகளில் மேற்கட்டையும் கீழ்க்கட்டையும் இருபுறமும் சில அங்குலம் நீண்டிருப்பதுண்டு. சுவர் எழும்பும்போதே நிலை நிறுத்தப்படுதலால், அம்முனைகள் கல்லினிடையே புதைந்துவிடும். பக்கச் சட்டங்களை இரும்புப் பிடிப்புகள் சுவரோடு பிணைத்திருப்பதும் உண்டு. ஆகவே கடப்பாரையிட்டு நெம்பினால் நிலை தனித்து வாராது. பக்கத்துக் கல்லும் காரையும் உடன் வரும்.

இரண்டாவது, மேலுள்ள பாரத்தைச் சுமப்பது எது? மேற்பூச்சைச் சிறிது சுரண்டிப் பார்ப்போமாயின் செங்கல் வளைவோ கல் உத்தரமோ புலப்படும். இரண்டுமின்றி நிலையே சுமக்கின்றதாயின் ஆபத்து மிகுதி. வேனிலிலும் கதவு இறுகித் திறவாமையும், மேல்மூலைகளிற் சாய்ந்த வெடிப்பும் பாரம் இறங்கியதற்கு அடையாளங்களாம். அப்பொழுது நிலைக்கு மேலே சுவரைத் துளைத்து, வலிய மரங்களைக் குறுக்கே செலுத்தி, அவற்றின் முனைகளுக்கு உள்ளும் புறமும் முட்டுக் கொடுத்தல் வேண்டும். மண்சாந்துச் சுவர் நனைந்தால் வலியிழக்கும். ஆதலின் மழை குறைந்த மாசி, பங்குனி மாதங்களே தக்கவை. வேலையாளின் தலைக்குமேற் கல் தொங்குகையில், 'பார்த்துக்கொள்ளலாம்' என்பது அறமன்று.

இனி வேலை முறையாவது: கண்ணாடிகளை முன்னர் எடுத்து, கீல்களின் திருகாணிகளைக் கழற்றிக் கதவுகளை இறக்குக. நிலையை ஒட்டிய பூச்சைக் கூரிய உளியாற் கோடு போலக் கீறுக. பூச்சு அக்கோட்டிலேயே விடும், அப்பால் உதிராது. பின்னர்ப் பக்கச் சட்டங்களை நடுவிற் சாய்வாக அறுத்து, துண்டுகளை வெளிப்பக்கம் தள்ளாது திறப்பின் நடுப்பக்கமாக நெம்பி எடுக்க. இரும்புப் பிடிப்புகளை இழுத்துப் பறியாது இரும்பறுக்கும் வாளால் அறுக்க. அதன்பின் கீழ்க்கட்டையும், இறுதியில் மேற்கட்டையும் அவ்வாறே அறுத்தெடுக்கப்படும். புதைந்த முனைகளைச் சிறிது சிறிதாகச் செதுக்கி வாங்கி, குழியைச் செங்கல்லிட்டு உடனே அடைக்க. நிலை முழுதாய் வேண்டுமெனின், பிடிப்புகளை இடுக்கில் அறுத்து, நான்கு மூலைகளிலும் நீண்ட முனைகளை மட்டும் துணிக்க.

அடைப்பதற்குச் சிமிட்டியை நாடுதல் எளிது. ஆயினும் பழைய சுண்ணாம்புச் சுவருக்குச் சுண்ணாம்புச் சாந்தே உகந்தது. சிமிட்டி மிக இறுகி, ஈரத்தை வெளியே விடாது தடுக்க, அண்டையிலுள்ள மெல்லிய பழங்காரை பொரிந்து உதிரும்.

இவற்றாற் பெறப்படுவது யாதெனின், இழக்கத் தக்கது எது, காக்கத் தக்கது எது என்று முன்னரே தெளிதலாம். மரத்தை மறுபடி இழைக்கலாம். நூறாண்டு நின்ற சுவரைக் குலைத்தால் அது பழையபடி இணங்கி நில்லாது. இழுத்துப் பறிக்கும் விரைவினும், அறுத்தெடுக்கும் பொறுமையே சுவரையும் உயிரையும் காக்கும்.