கரிசல் மண்ணில் ஒரு குட்டிப் படை

பூதம், யாளி, வாள்வீரன், மந்திரவாதி என்று விரல் உயரப் பொம்மைகளுக்கு வண்ணம் தீட்டி, மேசையில் அணிவகுக்க வைத்துக் காய் உருட்டி விளையாடும் பழக்கம் இப்போது நம் வீட்டுப் பிள்ளைகளிடமும் வந்திருக்கிறது. பொம்மை வீரர்களை வைத்து விளையாட 1913இலேயே எச்.ஜி. வெல்ஸ் 'லிட்டில் வார்ஸ்' என்ற விதிப் புத்தகம் எழுதினார். 1974இல் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஆட்டம் வந்தது, 1983இல் 'வார்ஹேமர்' ஆட்டம் வந்தது. புரட்டாசி தோறும் விளாச்சேரி மண்பொம்மைகளை வாங்கிக் கொலுப் படியில் அடுக்கும் நமக்கு இதில் அந்நியம் ஒன்றுமில்லை. ஆனால் இதற்கான செய்முறைகள் பெரும்பாலும் குளிர்நாட்டில் எழுதப்பட்டவை. கோவில்பட்டி வெயிலுக்கும் காற்றுக்கும் அவை அப்படியே ஒத்துவராது. எங்கள் வீட்டில் செய்து பார்த்துப் பலன் கண்டவற்றை எழுதுகிறேன்.

1. புதுப் பொம்மையில் அச்சிலிருந்து வந்த எண்ணெய்ப் பசை இருக்கும். பாத்திரம் துலக்கும் சோப்புத் தண்ணீரில் பழைய பல் தேய்க்கும் பிரஷால் தேய்த்துக் கழுவி, நிழலில் உலர்த்துங்கள். இதைச் செய்யாவிட்டால் சாயம் தோல் உரிவதுபோல் உரிந்துவிடும்.

2. பிரைமர் ஸ்பிரே அடிப்பதை வெயில் ஏறுவதற்கு முன் முடித்துவிடுங்கள். மதியச் சூட்டில் அடித்தால் துளிகள் பொம்மையைத் தொடுமுன்பே காற்றில் காய்ந்து, மேற்பரப்பு ரவை தூவியதுபோல் சொரசொரத்துப் போகும். ஆடிக் காற்றில் தூசியும் சேர்ந்து ஒட்டும். அந்த மாதங்களில் ஸ்பிரேயை எடுத்து வைத்துவிட்டு, தண்ணீரில் கரையும் பிரைமரைத் தூரிகையால் பூசுவதே மேல். ஸ்பிரே டப்பா தீப்பற்றக்கூடியது. வீட்டில் தீப்பெட்டி வேலை நடந்தால் அதன் அருகில் வைக்கவே கூடாது.

3. இங்கே அக்ரிலிக் சாயம் தட்டில் ஊற்றிய சில நிமிடத்தில் ஏடு கட்டிவிடும். மூடியுள்ள டிபன் டப்பாவில் ஈரமான ஸ்பாஞ்சைப் பரப்பி, அதன்மேல் பட்டர் பேப்பர் போட்டு, அதில் சாயத்தைக் கலக்குங்கள். அடியிலிருந்து ஈரம் ஏறிக்கொண்டே இருக்கும். மூடி வைத்தால் மறுநாளும் அதே நிறம் கிடைக்கும்.

4. ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீரைச் சாயத்தில் கலக்காதீர்கள். காய்ந்ததும் வெள்ளை பூத்துவிடும். குடிக்கிற தண்ணீரில் ஒரு தம்ளர் ஒதுக்கினால் போதும். தூரிகையைக் கழுவ உப்புத் தண்ணீரே தாராளம்.

5. சாயம் பால் பதத்தில் இருக்கட்டும். கெட்டியாக ஒரு பூச்சு பூசினால் முகத்தில் செதுக்கியதெல்லாம் மூடிப்போகும். மெல்லியதாக இரண்டு பூச்சு பூசுங்கள்.

6. சிலை செய்கிற ஸ்தபதிகள் கண்ணைக் கடைசியில் திறப்பார்கள். சின்னப் பொம்மைக்கு நான் கண்ணை முதலில் எழுதுகிறேன். கை நடுங்கிக் கோடு தப்பினாலும், சுற்றிலும் தோல் நிறத்தைப் பூசிச் சரிசெய்துகொள்ளலாம்.

7. நிழலும் ஒளியும் எங்கே விழவேண்டும் என்று தெரியவில்லையா? பழைய சாமி காலண்டர் ஒன்றை எடுத்துப் பாருங்கள். சிவகாசியில் அச்சாகி வீடு வீடாகப் போன அந்தப் படங்களின் பெரிய ஓவியர் சி. கொண்டையராஜு (1898–1976) நம் கோவில்பட்டியில் வாழ்ந்தவர். நாடகக் கம்பெனிக்குத் திரை எழுதிப் பழகிய கை அவருடையது. காலண்டர் படங்களில் கன்னமும் தோளும் ஒளிவாங்கி நிற்கும், கழுத்தோரமும் கையோரமும் மெல்ல இருண்டு வரும். அதையே பொம்மையில் செய்யுங்கள். பள்ளங்களில் நீர்த்த அடர்நிறத்தை ஓடவிட வேண்டும். அது காய்ந்தபின், தூரிகையைத் துணியில் துடைத்துவிட்டு மிச்சச் சாயத்தை மேடுகளில் மட்டும் தேய்க்க வேண்டும். இந்த இரண்டும் கைவந்தால் பாதித் தொழில் வந்துவிட்டது.

8. பொம்மையின் அடித்தட்டுக்கு வெடித்த நிலம் வேண்டும் என்று விலைகொடுத்து மருந்து வாங்குகிறார்கள். நமக்கு அது காலடியில் கிடக்கிறது. கரிசல் மண்ணின் களி ஈரத்தில் உப்பும், காய்ந்தால் சுருங்கும். அதனால்தான் கோடையில் காடு பாளம் பாளமாக வெடிக்கிறது. மண்ணை வெயிலில் காயவைத்து, இடித்து, சமையலுக்கு ஆகாத சல்லடையில் சலித்து, பழைய சட்டியில் வறுத்துப் பூச்சி போக்குங்கள். தண்ணீர் விட்டுக் குழைத்து அடித்தட்டில் அப்புங்கள். மெல்லிசாக அப்பினால் நுண்ணிய வெடிப்பு, கனமாக அப்பினால் அகல வெடிப்பு. குழைக்கும்போது ஃபெவிகால் சேர்க்கவேண்டாம், பசை மண்ணைப் பிடித்துக்கொண்டு வெடிக்கவிடாது. வெடித்து முடிந்ததும் வார்னிஷ் ஸ்பிரேயை லேசாக அடித்து உறுதியாக்கி, அதன்பிறகே நீர்த்த ஃபெவிகாலைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். முன்பே விட்டால் மண் மறுபடி உப்பி வெடிப்பு மூடிக்கொள்ளும். ஓரங்களில் வெளிர் சாம்பல் நிறத்தைத் தேய்த்துப் பாருங்கள், சித்திரை மாதக் காடு அப்படியே வந்து நிற்கும்.

9. இதைக் கட்டாயம் நினைவில் வையுங்கள்: பருத்தியில் ஃபெவிகுவிக் போன்ற உடனடிப் பசை படக்கூடாது. இரண்டும் சேர்ந்தால் சூடேறிப் புகையும், கையைப் பொசுக்கும். புகைமண்டலம், பேயின் முடி என்று பஞ்சை ஒட்டவேண்டியிருந்தால் ஃபெவிகால் மட்டும் போடுங்கள்.

10. மரத்துக்கு சீமைக்கருவேலச் சிமிர் போதும். முள்ளை முறித்துவிட்டு நடுங்கள். மருந்து முக்காத தீக்குச்சிகள் வேலிக்கும் பாலத்துக்கும் ஆகும். காலித் தீப்பெட்டிகள் கோட்டைக்கு ஆகும், அதைப் பிறகு சொல்கிறேன்.

11. பூதம் எப்படி நிற்கும், எப்படிச் சிரிக்கும் என்று பிள்ளைகள் கேட்டால் கழுகுமலைக்குக் கூட்டிப்போங்கள். மலையை மேலிருந்து கீழாகக் குடைந்து, முடியாமலே நின்றுபோன வெட்டுவான் கோயில் எட்டாம் நூற்றாண்டுப் பாண்டியர் வேலை. அங்குள்ள பூதகணங்களின் தொப்பையையும் குறும்பையும் பார்த்துவிட்டு வந்த பிள்ளை, கடையில் வாங்கிய குள்ளனையும் வேறு கண்ணோடு தீட்டும். பேய்க்கதைகளுக்கு வெளியே அலையவேண்டாம். இடைசெவல் கி. ராஜநாராயணன் தொகுத்த நாட்டுப்புறக் கதைகளில் பேயும் முனியும் நிறைய உண்டு. ஆனால் குலசாமியை மட்டும் காயாக்கி விளையாடாதீர்கள். வீட்டில் ஆச்சி மனம் வருந்தினால் விளையாட்டே கசந்துவிடும்.

12. ஆறு முகப் பகடை இல்லையென்றால் ஆறு புளியங்கொட்டை எடுத்து, ஒரு பக்கம் வெள்ளை தெரியத் தேய்த்துக்கொள்ளுங்கள். கணக்கு மட்டும் வேறு. பகடையில் எந்த எண்ணும் ஆறில் ஒரு தடவை விழும். கொட்டைகளிலோ, இரு பக்கமும் சமமாக விழுந்தால், மூன்று வெள்ளை 64க்கு 20 தடவை வரும். ஆறும் வெள்ளையாக 64க்கு ஒரே தடவைதான். அதனால் சாதாரணச் சண்டைக்குப் பகடையும், செத்தவன் எழுந்துவருவது போன்ற அதிசயத்துக்குக் கொட்டைகளும் என்று பிரித்துக்கொண்டால் ஆட்டம் சூடுபிடிக்கும்.

13. எங்கள் வீட்டில் மிகவும் பிடித்த ஆட்டம் பாஞ்சாலங்குறிச்சி. 1799 செப்டம்பரில் கிழக்கிந்தியக் கம்பெனியின் பானர்மேன் படை நடத்திய முதல் தாக்குதலைத் தாங்கியது கட்டபொம்மனின் அந்த மண்கோட்டை. இடிக்கப்பட்ட அதை 1801இல் கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரையின் ஆட்கள் சில நாட்களில் திரும்ப எழுப்பினார்கள், அந்த மே மாதம்வரை அது நின்றது. காலித் தீப்பெட்டிகளின்மேல் கரிசல் களி பூசிச் சுவர் அடுக்குங்கள். எதிரி சுவரை இடித்தால் ஒரு பெட்டியை எடுத்துவிட வேண்டும். கோட்டைக்காரரின் இரண்டு காய்கள் ஒரு சுற்று சண்டைபோடாமல் சுவரோரம் நின்றால் ஒரு பெட்டியைத் திரும்ப வைக்கலாம். இந்த ஒரு விதி போதும், சண்டைபோடுவதா சுவர் கட்டுவதா என்று பிள்ளைகள் ஒவ்வொரு சுற்றிலும் தவிப்பார்கள். யாளியும் பூதமும் யார் பக்கம் என்பதைப் புளியங்கொட்டை சொல்லட்டும். நகரும் தூரத்தைத் தையல் டேப்பில் அங்குலமாக அளந்துகொள்ளுங்கள்.

14. முப்பரிமாண அச்சில் பி.எல்.ஏ. பிளாஸ்டிக்கில் செய்த பொம்மை 60 டிகிரியை ஒட்டிய சூட்டில் இளகி வளையும். வெயிலில் நிறுத்திய கார், தகரக் கூரைக்கு அடியிலுள்ள பரண் இரண்டிலும் வைக்காதீர்கள். அகல வாயுள்ள பழைய கடலை மிட்டாய்க் குடுவை தூசிக்கு நல்ல காவல். அடியில் காந்தம் ஒட்டி இரும்பு டிரங்குப் பெட்டியில் நிறுத்தினால் ஊருக்குக் கொண்டுபோகும்போது உருளாது. குழந்தை இருக்கும் வீட்டில் சின்னக் காந்தங்களை வெளியே விடாதீர்கள், இரண்டை விழுங்கினால் குடலைத் துளைத்துவிடும். பழைய உலோகப் பொம்மைகளில் ஈயம் இருக்கலாம், அவற்றையும் சிறு குழந்தைகள் கையில் கொடுக்காதீர்கள். எந்தப் பொம்மையை ராவும்போதும் முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள்.

15. தூரிகையைத் தம்ளரில் தலைகீழாக நிற்க விடாதீர்கள், மயிர் வளைந்துவிடும். கழுவி, நுனியை விரலால் கூராக்கிப் படுக்க வையுங்கள்.

16. நவராத்திரிக்குக் கொலுவின் கீழே பூங்கா கட்டும் இடத்தில், இந்த ஆண்டு உங்கள் கரிசல் கோட்டையை வைத்துப் பாருங்கள். சுற்றிலும் முளைவிட்ட கேழ்வரகு நான்கு நாளில் பச்சைக் காடாக எழும்பும். ஆனால் தண்ணீர் தெளிக்கும்போது கோட்டைச் சுவரில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், களி கரைந்துவிடும்.