எச்.ஐ.வி. உள்ளவருக்கு வேறு பரிசோதனைகள் ஏன்?

நெற்பயிரின் தண்டைத் துளைக்கும் புழு உள்ளே போன புதிதில் வயல் பச்சையாகவே நிற்கும். நடுக்குருத்து காய்ந்து, இழுத்தவுடன் கையோடு வரும்போதுதான் விஷயம் தெரியவரும். பால்வினை நோய்களிற் பலவும் இப்படித்தான்.

எச்.ஐ.வி. உள்ள ஒருவர் சிகிச்சைக்குப் போனால் வேறு பால்வினை நோய்களுக்காகவும் அவரைப் பரிசோதிப்பார்கள். "இருக்கிற வருத்தம் காணாதோ? இன்னும் என்னத்தைத் தேடுகினம்?" என்று சிலர் மனம் நோவதுண்டு. இது எவரது நடத்தையையும் சந்தேகித்துச் செய்வதல்ல. எச்.ஐ.வி. வந்த வழியாலேயே வேறு கிருமிகளும் வந்திருக்கலாம். அவற்றிற் சிலவற்றை முற்றாகக் குணப்படுத்தலாம். கணவனிடமிருந்து மாத்திரம் தொற்றைப் பெற்ற மனைவிக்கும் இதே பரிசோதனைதான்.

கிரந்தி எனப்படும் சிபிலிசை எடுத்துக்கொள்வோம். முதலில் பிறப்புறுப்பிலோ வாயிலோ ஒரு புண் தோன்றும், பெரும்பாலும் நோகாது. சில வாரங்களில் மருந்தில்லாமலே ஆறிவிடும். பின்னர் உள்ளங்கையிலும் உள்ளங்காலிலுங்கூடத் தடிப்புகள் வரும், அவையும் மறையும். ஏதோ எண்ணெய் பூசியதால் சுகம் வந்தது என்று நம்பிவிடுவோம். கிருமியோ உள்ளே இருக்கும். எச்.ஐ.வி. உள்ளவரில் அது கண்ணையும் மூளையையும் விரைவிலேயே தாக்கக்கூடும். இத்தனைக்கும் மருந்து பழைய பென்சிலின் ஊசிதான். ஆரம்பத்திலேயே பிடித்தால் பெரும்பாலும் ஒரு தடவை போதும். நாட்பட்டதென்றால் வாரம் ஒன்றாக மூன்று தடவை.

இடம்பெயர்ந்தவர்கள் இதனைக் கவனித்து வாசியுங்கள். வீ.டி.ஆர்.எல். என்னும் இரத்தப் பரிசோதனையில் நோய் இருந்தால் 1:32 என்பதுபோல ஓர் எண் வரும். ஊசிக்குப் பின் சில மாதங்களில் அது 1:8 ஆகவோ அதற்குக் கீழோ இறங்கினால் மருந்து வேலை செய்திருக்கிறது. மீண்டும் ஏறினால் நோய் புதிதாகத் தொற்றியிருக்கலாம், அல்லது பழையது போகாமல் இருக்கலாம். உறுதிப்படுத்தும் மற்றப் பரிசோதனையோ சுகமான பின்னரும் பெரும்பாலும் வாழ்நாள் முழுவதும் நோய் இருப்பதாகவே காட்டும். ஆகவே பழைய எண் தெரியாத புதிய வைத்தியர், இது ஆறிய நோயா, புதிய நோயா என்று தடுமாறுவார். அந்த எண்ணையும் ஊசி போட்ட திகதிகளையும் ஒரு துண்டில் எழுதி, காணி உறுதியும் பிறப்பு அத்தாட்சிப் பத்திரமும் உள்ள பையிலேயே வையுங்கள். நோயின் பெயர் எழுதத் தேவையில்லை. பை பிறர் கையில் அகப்பட்டாலும் இரகசியம் காக்கப்படும்.

கொனோரியா, கிளமிடியா இரண்டையும் சிறுநீரிலோ பஞ்சால் எடுக்கும் மாதிரியிலோ பார்ப்பார்கள். பெண்களிற் பலருக்கு இவற்றின் அறிகுறியே இராது. எச்.ஐ.வி. உள்ள பெண்ணுக்குக் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் வரும் அபாயம் ஏனையோரைவிட ஏறக்குறைய ஆறு மடங்கு. அதற்கான பரிசோதனையை 25 வயதிலிருந்தே தொடங்கும்படி உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. தாம்பத்திய உறவு உள்ளவர்கள் சிபிலிசு, கொனோரியா, கிளமிடியாவுக்கு வருடத்துக்கு ஒரு முறையேனும் பார்ப்பது நல்லது.

இப்படித் தேடிப் பார்ப்பதன் பயனை நம் நாடே கண்டிருக்கிறது. இலங்கையில் தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி.யும் சிபிலிசும் தொற்றுவது ஒழிக்கப்பட்டுவிட்டதென 2019 இல் உலக சுகாதார நிறுவனம் உறுதிப்படுத்தியது. கர்ப்பவதிகள் எல்லோரையும், சுகதேகிகளாகத் தோன்றியவர்களையும், பரிசோதித்ததால் வந்த பலன் அது.

ஏதாவது கண்டுபிடிக்கப்பட்டால் கணவன், மனைவி இருவரும் மருந்து எடுக்க வேண்டும். ஒருவர் மாத்திரம் எடுத்தால் மற்றவரிடமிருந்து திரும்பவும் தொற்றும். இருவருக்கும் சிகிச்சை முடிந்து வைத்தியர் சொல்லும்வரை உறவைத் தவிருங்கள்.