அசதிக்கு டீ மருந்தல்ல

காலையில் எழும்போதே உடம்பு அடித்துப் போட்டாற்போல் இருக்கிறது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. மதியம் மூன்று மணிக்குக் கண்ணைச் செருகுகிறது. ‘வேலை ஜாஸ்தி, அதான்’ என்று சொல்லி ஒரு டீயோடு இதை முடித்துவிடுகிறவர்கள்தான் அதிகம். மதுரையில் ஒரு ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் நிற்கும் என் அக்காவும் அப்படித்தான் சமாளித்துவந்தார். இரவு வீடு திரும்பினால் தட்டில் போட்டதைச் சாப்பிடக்கூடத் தெம்பு இருக்காது. ‘முன்ன மாதிரி சுறுசுறுப்பே இல்ல’ என்ற பேச்சு வேறு.

கடைசியில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனபோது, டாக்டர் முதலில் அக்காவின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். சிவந்திருக்க வேண்டிய உட்பகுதி வெளுத்துக் கிடந்தது. நகங்களும் அப்படியே. “மாதவிலக்கு எத்தனை நாள் இருக்கும்? ஒரு நாளைக்கு எத்தனை நாப்கின் மாத்துவீங்க?” என்று கேட்டார். அதுவரை வீட்டில் யாரும் கேட்காத கேள்வி அது. ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 8.6 என்று வந்தது.

ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் ஹீமோகுளோபின், கர்ப்பமாக இல்லாத பெண்களுக்கு 12 கிராமும் ஆண்களுக்கு 13 கிராமும் இருக்க வேண்டும். அதற்குக் கீழே போனால் ரத்தசோகை. உடம்பெங்கும் ஆக்சிஜனைச் சுமந்து செல்வது ஹீமோகுளோபின்தான். அது குறைந்தால் எவ்வளவு தூங்கினாலும் களைப்பு தீராது. 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு ரத்தசோகை இருக்கிறது. அவர்களில் எத்தனை பேர் சோம்பேறி என்று பெயர் வாங்கியிருப்பார்கள்!

அக்காவுக்கு இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள். அதை டீயோடு விழுங்கக் கூடாது என்பதுதான் டாக்டர் அழுத்திச் சொன்ன விஷயம். டீ, காபியில் உள்ள துவர்ப்புப் பொருள்கள் இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது. மாத்திரைக்கும் சாப்பாட்டுக்கும் முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது டீயைத் தள்ளிவைக்க வேண்டும். எலுமிச்சை, நெல்லி, கொய்யாவில் இருக்கும் வைட்டமின் சி, இரும்புச்சத்தை உடம்பு சேர்த்துக்கொள்ள உதவும். முருங்கைக்கீரைப் பொரியலோடு எலுமிச்சை ரசம் நல்ல கூட்டு. அசைவம் சாப்பிடுகிறவர்களுக்கு ஈரலும் சுவரொட்டியும் கைகொடுக்கும். மாத்திரை போட்டால் மலம் கறுப்பாகப் போகும், சிலருக்கு மலச்சிக்கல் வரும். பயந்துபோய்ப் பாதியில் நிறுத்திவிடாதீர்கள், டாக்டரிடம் சொல்லுங்கள். தெம்பு வந்ததும் நிறுத்துவதும் தவறு. உடம்பின் இருப்பு நிரம்ப இன்னும் சில மாதங்கள் ஆகும்.

எல்லா அசதிக்கும் ரத்தசோகைதான் காரணம் என்றில்லை. தைராய்டு குறைவு, சர்க்கரை நோய், வைட்டமின் பி12 குறைபாடு, மன அழுத்தம் எல்லாமே களைப்பாகத்தான் தலைகாட்டும். இரவெல்லாம் பலமாகக் குறட்டை விட்டு, பகலில் உட்கார்ந்த இடத்தில் தூங்கிவழிகிறவருக்குத் தூக்கத்தில் மூச்சு தடைபடுகிறதா என்று பார்க்க வேண்டும்.

அன்றாடப் பழக்கங்களிலும் அக்கா சிலவற்றை மாற்றிக்கொண்டார். குடித்த டீ, காபியின் காஃபினில் பாதி, ஏறக்குறைய ஐந்து மணி நேரம் கழித்தும் உடம்பில் இருக்கும். அதனால் மாலை டீயை விட்டார், இரவில் ஏழு மணி நேரத் தூக்கம் கிடைத்தது. வெறும் இட்லி, சட்னிக்குப் பதில் சாம்பாரோ ஒரு முட்டையோ சேர்ந்தது. நாலு மணிப் பசிக்கு பிஸ்கட் போய்ச் சுண்டல் வந்தது.

தண்ணீர் விஷயம்தான் கஷ்டமாக இருந்தது. கழிப்பறைக்குப் போக அனுமதி கேட்க வேண்டியிருக்குமே என்று பல விற்பனைப் பெண்கள் பகல் முழுக்கத் தண்ணீரே குடிப்பதில்லை. நீர் குறைந்தாலும் தலைவலியும் சோர்வும் வரும். நாள் முழுக்க நிற்கும் கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு 2021-இல் சட்டமே திருத்தியது. உட்கார நாற்காலியும் தடையில்லாத கழிப்பறையும் ஊழியரின் உடல்நலத்தோடு சேர்ந்தவை என்பதைக் கடை முதலாளிகள் உணர வேண்டும்.

உங்கள் வீட்டில் யாராவது இரண்டு வாரத்துக்கு மேல் ‘முடியல’ என்று சொல்லிக்கொண்டிருந்தால், டானிக் வாங்கிக் கொடுத்துவிட்டு இருந்துவிடாதீர்கள். ஒருமுறை ரத்தப் பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள். அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் ஹீமோகுளோபின் பரிசோதனையும் இரும்புச்சத்து மாத்திரையும் இலவசம்.