பதிவறைக்கு வரும் பிள்ளைகளுக்கு

கொடும்பாளூர் மூவர் கோயில்தான் பணி ஓய்வுக்குப் பிறகு என் மாலை நடை. 32 ஆண்டுகள் அரசு அலுவலகங்களில் கோப்பும் பதிவறையுமாக இருந்தவன் நான். இந்த ஆண்டு எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் சிலர் குரூப் 4 எழுதி இளநிலை உதவியாளராகச் சேர்ந்திருக்கிறார்கள். ஒரு பெண் பெரிய கம்பெனியில் ஆவணப் பிரிவுக்குப் போயிருக்கிறாள். "என்ன கவனிக்கணும் பெரியப்பா?" என்று கேட்டவர்களுக்காக எழுதுகிறேன்.

1. எந்தத் தாளைத் தொட்டாலும் முதலில் தேதியும் எண்ணும் போடுங்கள். மூவர் கோயில் சுவரில் கிரந்த எழுத்தில் ஒரு வடமொழிக் கல்வெட்டு இருக்கிறது. கொடும்பாளூரை ஆண்ட இருக்குவேளிர் வம்சாவளி அதில் வருகிறது. அந்த வம்சத்துப் பூதி விக்கிரமகேசரி தன் பெயரிலும், மனைவியர் கற்றளி, வரகுணை பெயரிலும் மூன்று விமானங்கள் எடுத்ததும், மல்லிகார்ஜுனர் என்ற துறவிக்கு ஒரு மடமும், 50 தவசிகளுக்கு உணவிட 11 ஊர்களும் கொடுத்ததும் வருகிறது. இவ்வளவு தெரிகிறது, ஆண்டு மட்டும் இல்லை. தொடக்க வரிகள் சிதைந்துவிட்டன. அதனால் அறிஞர்களில் ஒரு சாரார் 9ஆம் நூற்றாண்டின் இறுதி, ஆதித்த சோழன் காலம் என்கிறார்கள். மறு சாரார் 10ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி, சுந்தர சோழன் காலம் என்கிறார்கள். கல்லில் வெட்டியதற்கே இந்த நிலை. கணினியில் வைக்கும் கோப்புக்கு 'ஃபைனல்', 'புது ஃபைனல்' என்று பெயர் வைக்காதீர்கள். ஆண்டு, மாதம், நாள், பொருள் என்ற வரிசையில் வையுங்கள். தானாகவே அடுக்கி நிற்கும்.

2. யார் சொன்னார் என்பதைப் பதவியோடும் முழுப் பெயரோடும் எழுதுங்கள். அதே கல்வெட்டில் பூதி ஒரு வீரபாண்டியனை வென்றதாக வருகிறது. அந்தப் பெயரில் பாண்டியர் பலர் உண்டு. எவர் என்று தெரிந்திருந்தால் முன்சொன்ன வழக்கில் பாதி தீர்ந்திருக்கும். "மேலதிகாரி சொன்னபடி" என்று எழுதிய குறிப்பும் அப்படித்தான். ஐந்து வருடத்தில் அந்த நாற்காலியில் நான்கு பேர் மாறியிருப்பார்கள்.

வாய்மொழி உத்தரவு தப்பில்லை. சோழ மன்னர்களும் வாயால்தான் சொன்னார்கள். ஆனால் திருமந்திர ஓலை எழுதுவான் அதை உடனே எழுதினான், ஓலைநாயகம் ஒப்பிட்டார், பிறகு வரிப்பொத்தகத்தில் ஏறியது. ஆனைமங்கலம் என்ற ஊரைக் கொடுத்த கொடை ராஜராஜன் வாய்ச்சொல்லில் தொடங்கி, ராஜேந்திரன் காலத்தில் செப்பேடாகி, 21 ஏடுகளாக இன்றும் வாசிக்கக் கிடைப்பது அந்த ஒழுங்கால்தான். வாட்ஸ்அப்பில் உத்தரவு வந்தால் அன்று மாலைக்குள் குறிப்புக் கோப்பில் எழுதி, உத்தரவிட்டவரின் கையொப்பத்தை வாங்குங்கள். கேட்கக் கூச்சப்படாதீர்கள்.

3. கோப்பை முடிக்கும்போது எந்த வகை முடிவு என்று நிதானமாக யோசியுங்கள். நிரந்தரம், பத்தாண்டு, மூன்றாண்டு, ஓராண்டு என்று நம் அலுவலக நடைமுறை பிரித்திருக்கிறது. முத்திரை குத்த ஒரு நொடி போதும்.

நான் இருந்த ஓர் அலுவலகத்தில் நடந்தது இது. யு.டி.ஆர். என்ற நிலவுடைமை மேம்பாட்டுத் திட்டத்தின் சமயத்தில் பட்டாவில் பெயர் மாறிப்போனதாக ஒரு மூதாட்டி மனு கொடுத்திருந்தார். விசாரணை நடந்து உத்தரவும் ஆகியிருந்தது. நிலத்தின் உரிமையைத் தொட்ட கோப்பு. அதை மூன்றாண்டு வகையில் முடித்து, கெடு வந்ததும் மற்றக் கட்டுகளோடு அழித்துவிட்டார்கள். உத்தரவின் அலுவலக நகலும் அதோடு போயிற்று. அவர் கையிலிருந்த நகலோ மழையில் ஊறி எழுத்தழிந்த தாள். நான் பதிவறைக்குப் பொறுப்பேற்ற பிறகு ஏழெட்டு முறை வந்தார். ஒவ்வொரு முறையும் "இருக்கும்யா, நல்லாப் பாருங்க" என்பார். இல்லாத கோப்பை நான் அவருக்காகத் தேடிக்கொண்டே இருந்தேன். வகை குறிப்பதில் சந்தேகம் வந்தால் நீளமான காலத்தையே போடுங்கள்.

4. தமிழை யூனிகோடில் தட்டுங்கள். 2010இலேயே தமிழ்நாடு அரசு இதை ஏற்றுக்கொண்டது. அதற்குப் பிறகும் பல இருக்கைகளில் வானவில் அவ்வையார் போன்ற பழைய எழுத்துருக்களே ஓடின. கை பழகியதுதான் காரணம். அப்படித் தட்டிய கடிதம் உள்ளே ஆங்கில எழுத்துக் குவியலாகத்தான் கிடக்கிறது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் வாசிக்க முடியாது. யூனிகோடில் பெயரைத் தட்டித் தேடினாலும் அகப்படாது. மாற்றித் தரும் மென்பொருள்கள் உண்டு. மாற்றிய பிறகு அச்சுப் பிரதியோடு வரிவரியாக ஒப்பிடுங்கள். கொம்பும் காலும் இடம் மாறினால் ஊர்ப் பெயரே மாறிவிடும், சர்வே எண்ணுக்குப் பக்கத்தில் அது பெரிய ஆபத்து. நிரந்தரமாக வைப்பவற்றை எழுத்துருவை உள்ளே பொதிந்து வைக்கும் பி.டி.எஃப்/ஏ வடிவத்தில் சேமியுங்கள்.

5. அச்சு எடுப்பதில் கணக்காக இருங்கள். நிரந்தரக் கோப்புக்கு நல்ல தாளும் லேசர் அச்சும் வேண்டும். இங்க்ஜெட் மை ஈரம் பட்டால் பரவும். வெப்பத்தாளில் வரும் ரசீதை அன்றே ஜெராக்ஸ் எடுத்துச் சேருங்கள், சில மாதங்களில் வெளுத்துவிடும். குண்டூசி வேண்டாம், துரு தாளைத் தின்னும்.

பிரிண்டரில் விட்டுவந்த தாளையும், பிழையான பிரதியையும் கிழித்துப் போடாமல் வெளியே விடாதீர்கள். ஒருமுறை டீக்கடையில் எனக்கு வடை மடித்துத் தந்த தாளில் ஒரு பெண்ணின் மருத்துவ அறிக்கை, பெயரோடும் முகவரியோடும் இருந்தது. அந்த வடையை என்னால் சாப்பிட முடியவில்லை.

6. அதிகாரியின் மின்கையொப்ப டோக்கனை, அவரே கொடுத்தாலும், உங்கள் மேசையில் வைத்துக்கொள்ளாதீர்கள். கடவுச்சொல்லும் அப்படித்தான்.

7. பழைய கோப்பை ஸ்கேன் செய்து இ-ஆபீஸில் ஏற்றச் சொல்வார்கள். அதற்குமுன் திருமழபாடியை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே வைத்தியநாதர் கோயில் விமானத்தை இடித்துப் புதிதாகக் கட்ட ராஜராஜனின் 28ஆம் ஆட்சியாண்டில் உத்தரவானது. இடிப்பதற்குமுன் சுவரில் இருந்த கல்வெட்டுகளையெல்லாம் பொத்தகத்தில் படியெடுக்கச் சொன்னார்கள். அவற்றைப் புதுச் சுவரில் மறுபடி வெட்டியது ராஜேந்திரனின் 14ஆம் ஆட்சியாண்டில். ஏறத்தாழ 13 ஆண்டுகள்! அதுவரை கொடைகள் அத்தனைக்கும் அந்தப் பொத்தகம்தான் சாட்சி. படி எடுத்த பிறகே இடித்தார்கள்.

நீங்களும் அப்படியே செய்யுங்கள். முதலில் பக்க எண் போடுங்கள். பின்பக்கத்தையும் புரட்டிப் பாருங்கள், ஓரத்தில் பென்சிலால் எழுதியதுதான் சில சமயம் முக்கியமானதாக இருக்கும். 300 டிபிஐக்குக் குறையாமல் எடுங்கள். தாள் எண்ணிக்கையும் படத்தின் எண்ணிக்கையும் ஒத்துப்போகிறதா என்று வேறொருவரை எண்ணச் சொல்லுங்கள். இரண்டாவது பிரதி வேறு கட்டடத்தில் இருக்கட்டும். அதைத் திறந்து பார்த்த பிறகுதான் தாள் கட்டை அழிப்பதைப் பற்றி யோசிக்க வேண்டும். நிரந்தர வகைக் கட்டை அப்போதும் அழிக்கக் கூடாது.

8. மாறுதல் உத்தரவு வந்தால் பொறுப்புப் பட்டியலில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பஸ் ஏறிவிடாதீர்கள். அடுத்து வருபவரை ஒரு மாலை உட்காரவைத்து, தன்பதிவேட்டை எண் எண்ணாக வாசியுங்கள். எது எங்கே நிற்கிறது, யாருக்குப் பதில் போகவில்லை என்று சொல்லுங்கள். மனு கொடுத்துவிட்டு வெளி பெஞ்சில் காத்திருப்பவர்களின் கோப்புகளை முதலில் எடுத்து அவர் கையில் கொடுங்கள்.